மைஸிரும் பகடையும்



ஜாஹிலிய்யாக் கால அரபிகள் ஒட்டகமொன்றை அறுத்துப் பங்கிட்டு, 10 அம்புகளைக் குலுக்கி எடுப்பர். 7 அம்புகளுக்குப் பங்குண்டு. மற்றைய 3 வெறுமையானவை. வெறும் அம்பு வந்தவர்களே ஒட்டகத்தின் விலையைச் செலுத்துவர். இதுவே 'மைஸிர்' எனப்பட்டது. பாரசீகரின் 'நர்த்' ஆட்டமோ பகடை உருட்டி ஆடப்பட்டது.

இவற்றின் கவர்ச்சி யாது? உழைப்பின்றியே வெல்லலாம் என்ற ஆசையும், தோற்றவனை எழவிடாத "அடுத்த முறை எனக்கே" என்ற எண்ணமுமாகும்.

மைஸிரில் வென்றோர் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிப் பெருமையடைந்தனர். ஆயினும் அதன் பயனைவிடப் பாவமே பெரிதென அல்பகரா 219ஆம் வசனம் உணர்த்திற்று. அல்மாஇதா 90ஆம் வசனம் முற்றாகத் தடுத்தது. நர்த் ஆட்டத்தை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள்.

இன்று கையடக்கத் தொலைபேசியிலும் பகடை உருள்கின்றது. பெற்றோர்களே, "விளையாட்டுத்தானே" என விட்டுவிடாதீர்கள். இளைஞர்களே, உங்கள் நேரத்தைக் குலுக்கலுக்கு ஒப்படைக்காதீர்கள்.