வானம் இடித்தது

எங்கள் அமுச்சி (பாட்டி) கம்பு இடிக்கும்போது பக்கத்தில் விடமாட்டாள். "தள்ளி உக்காரு சாமி, உமி பறக்குது" என்பாள். தண்ணீர் தெளித்துப் பதமான கம்பு உரலில் கிடக்கும். பூண் கட்டிய உலக்கை விழும்போதெல்லாம் திண்ணை அதிர்வது உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். உமி கழலும்வரை இடித்து, முறத்தில் புடைத்து, மறுபடியும் உரலில் போட்டு இடிப்பாள். சித்திரை மாதச் சாயங்காலத்தில் மதுக்கரை மலைப்பக்கம் வானம் முழங்கினால், "இடி இடிக்குது, உள்ள வா" என்று அதே சொல்லைத்தான் சொல்வாள்.

ஆங்கிலத்தில் சத்தத்துக்குச் சத்தம் தனிச்சொல்: தட், தம்ப், பேங், கிராஷ், பூம் எல்லாம் காதில் கேட்டதையே ஒலிக்கும் சொற்கள். எது விழுந்தால் எந்தச் சொல் என்று வெளிமொழிக்காரர் தடுமாறத்தான் செய்வார். சீன மொழியிலும் பெருமுழக்கத்துக்கு 'ஹோங்' என்றொரு சொல் உண்டு; அதன் பழைய எழுத்தில் வண்டியைக் குறிக்கும் உரு மூன்று முறை வரும். பல வண்டிகள் சேர்ந்து உருளும் சத்தம்! எனக்கு அந்த எழுத்தின்மேல் தனிப் பிரியம்.

நம்மிடமும் காதுச்சொற்களுக்குக் குறைவில்லை. மூட்டை பொத்தென்று விழும், கதவு படாரென்று சாத்திக்கொள்ளும், ஆள் தடாலென்று சாய்வான். ஆனால் இவையெல்லாம் 'என்று' என்ற ஊன்றுகோலைப் பிடித்தே நடக்கும். 'இடி'க்கு அது வேண்டாம். இடி என்பது செயலின் பெயர்: கனமானது வந்து மோதுகிறது, மோதுபட்டது அதிர்கிறது, சில வேளை நொறுங்குகிறது.

இலக்கணமும் இதைக் காட்டிக்கொடுக்கிறது. சுவர் இடிந்தது என்கிறோம். அங்கே சுவர் நொறுங்குகிறது. இடி முழங்கும்போது வானம் இடிந்தது என்று யாரும் சொல்வதில்லை, இடித்தது என்கிறோம். அமுச்சி கம்பை இடித்ததும், பஸ் மரத்தில் இடித்ததும் இதே வடிவம்தான். துக்கத்தில் இடிந்துபோனவன் சுவரின் பக்கம். தவறு செய்யும் அரசனைக் கண்டிப்பவரை வள்ளுவர் 'இடிப்பார்' என்கிறாரே, அவர் உலக்கையின் பக்கம்.

மதுக்கரையிலிருந்து மேற்கே வாளையாறு தாண்டினால் மலையாளம். அங்கும் வானத்தில் இடி, உரலில் இடி, வண்டி மோதினாலும் இடி. கைமுட்டியால் விடும் குத்துக்கும் அங்கே இடி என்றே பெயர்.

மதுக்கரையில் இடி இருந்தும் அந்தப் பெயர் இல்லாத ஒரு வேலை உண்டு; அது சிமெண்ட் ஆலையால் பேர்பெற்ற ஊர். சுண்ணாம்புக்கல்லை நொறுக்கி, சூளையில் சுட்டு, பிறகு தூளாக்குவதுதான் சிமெண்ட் தொழில். அந்தக் கடைசி வேலைக்குப் பல ஆலைகளில் 'பால் மில்' (ball mill). சுழலும் பெரிய இரும்பு உருளைக்குள் எஃகு உருண்டைகள் மேலேறி மேலேறி விழும்; சுட்ட கல் அவற்றுக்கடியில் இடிபட்டும் அரைபட்டும் தூளாகும். ஆனாலும் அந்த வேலையின் பெயரில் இருப்பது அரைத்தல் மட்டும்.

சமையலறையிலும் அதே கதி. மிளகாய்ப் பொடியும் அரிசி மாவும் இடித்த காலம் போய், மில்லில் கொடுத்து அரைத்து வாங்குகிறோம். இஞ்சி டீக்கும் ரசத்துக்கும் மட்டும் ஒரு சின்ன உரல் மிச்சம். "நாலு மொளகு, ரெண்டு பூண்டு இடிச்சுப் போடு" என்கிற குரல் இன்னும் எங்கள் வீட்டில் கேட்கிறது.