கார்த்திகையில் எத்தனை நட்சத்திரம்?



இத்துடன் இருக்கும் படம் நம் ஸ்ரீரங்கம் வீட்டு மொட்டைமாடியில் நான் எடுத்தது. "சார், ரிட்டையர் ஆகியும் ராத்திரியில் தூங்குவதில்லையா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

1986 ஜனவரி. ஹாலி வால்நட்சத்திரம் வருகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. பொங்கல் விடுமுறைக்கு முன் ஒரு நாள் மாலை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொள்ளிடக் கரைக்கு அழைத்துப் போனேன். அப்போது கரையில் இத்தனை விளக்கு கிடையாது. ஏழரை மணிக்குக் கார்த்திகை ஏறக்குறைய நம் தலைக்கு மேலே நிற்கும். "எத்தனை நட்சத்திரம் தெரிகிறது, எண்ணுங்கள்" என்றேன். எல்லோரும் ஆறு என்றார்கள். ஒரு பையன் மட்டும் "எட்டு சார்" என்றான். மணலில் விரலால் எட்டுப் புள்ளி குத்தியும் காட்டினான். "கார்த்திகைன்னா ஆறு. அறுமீன்னு பேரே இருக்கு. உனக்கு எண்ணத் தெரியாதா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்க அவன் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

கார்த்திகையில் எத்தனை நட்சத்திரம்? இந்தச் சின்னக் கேள்விக்குப் பெரிய வரலாறு உண்டு.

நாம் அறுமீன் என்கிறோம். முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களும் ஆறு பேர். கிரேக்கர்களோ ஏழு சகோதரிகள் என்றார்கள். ஆறுதானே தெரிகிறது என்றால், ஒருத்தி ஒளிந்துகொண்டாள் என்று ஒரு கதையும் வைத்திருந்தார்கள். ஜப்பானில் இதன் பெயர் சுபாரு. அந்தப் பெயருள்ள காரின் சின்னத்தில் இருப்பது ஆறு நட்சத்திரம். ஆனால் கெப்ளரின் ஆசிரியர் மைக்கேல் மேஸ்ட்லின், தொலைநோக்கியே இல்லாத 1579-ஆம் ஆண்டில், வெறும் கண்ணால் பார்த்துப் பதினொன்றை வரைந்திருக்கிறார். கூர்மையான கண்ணும் இருட்டான வானமும் இருந்தால் ஆறோடு நிற்காது. 1610-இல் கலீலியோ தன் சிறிய தொலைநோக்கியில் பார்த்து வரைந்த படத்தில் 36 நட்சத்திரங்கள்.

அதற்குப் பிறகும் கண்ணை நம்பித்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். திருப்பம் கேமராவால் வந்தது, அதுவும் கொஞ்சம் தற்செயலாக. 1882-இல் ஒரு பெரிய வால்நட்சத்திரம் தோன்றியது. தென்னாப்பிரிக்காவின் கேப் வானாய்வகத்தில் இருந்த டேவிட் கில் அதைப் படமெடுக்க விரும்பினார். அவரிடம் தகுந்த கேமரா இல்லை. பக்கத்து ஊர்ப் போட்டோகிராபர் ஒருவரை அழைத்து, அவருடைய கேமராவைத் தொலைநோக்கியின் மேலேயே கட்டிவைத்து எடுத்தார். கண்ணாடித் தட்டைக் கழுவிப் பார்த்தால், வால்நட்சத்திரத்துக்குப் பின்னால் எண்ண முடியாத அளவு நட்சத்திரங்கள்! வானத்தையே இப்படிப் படமெடுத்து வரைபடம் ஆக்கலாமே என்ற எண்ணம் அங்கேதான் வலுப்பட்டது.

பாரிசில் பால் ஹென்றி, பிராஸ்பர் ஹென்றி என்று இரு சகோதரர்கள். 1885-இல் கார்த்திகையை மணிக்கணக்கில் கேமராவில் பதிய வைத்தார்கள். அதே பாரிசில் கண்ணால் பார்த்துப் பொறுமையாகப் போட்ட வரைபடத்தில் சில நூறு நட்சத்திரங்கள்தான் இருந்தன. இவர்கள் தட்டில் 1,400-க்கும் மேல். சில ஆண்டுகளில் அது 2,000-ஐத் தாண்டியது. மாயா என்ற நட்சத்திரத்தைச் சுற்றி, யாரும் கண்ணால் பார்த்திராத ஒரு மெல்லிய ஒளிப்புகையும் அதில் தெரிந்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ் என்பவர் எடுத்த படத்தில் அந்தப் புகை கூட்டம் முழுக்கப் பரவியிருப்பது தெரிந்தது. ராபர்ட்ஸ் தொழிலால் கட்டட ஒப்பந்ததாரர். வானியல் அவருக்குப் பொழுதுபோக்குத்தான்.

கேமராவுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? பாடம் நடத்தாமல் இருக்க முடியவில்லை, மன்னியுங்கள். நம் கண் ஒளியைச் சேமிப்பதில்லை. ஒரு நொடிக்குள் வந்ததை வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும். சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயடியில் கையை நீட்டினால் ஈரந்தான் மிஞ்சும். குடத்தை வைத்துவிட்டுப் போனால் காலையில் நிறைந்திருக்கும். கண் அந்தக் கை. கேமரா அந்தக் குடம்.

இனி நம் பக்கம் வருவோம். 1786-இல் சென்னை எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி, சொந்த ஆர்வத்தில் தன் இடத்திலேயே ஒரு வானாய்வகம் வைத்தார். அதுதான் பிறகு அரசு வசமாகி, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வகம் ஆனது. பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அங்கே உதவியாளராக இருந்தார். 1867-இல் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். நூலில் எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காகவே திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். வாக்கியமா திருக்கணிதமா என்று நம் வீடுகளில் இன்றும் நடக்கும் வழக்கு உறவினர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்க்க நம் புதுக்கோட்டைக்கே இத்தாலிய அறிஞர் ரெஸ்பிகி வந்து தங்கினார். ஊட்டி தொட்டபெட்டாவில் கேமரா வைத்துப் படமெடுத்தார்கள். ஆக, நம் பக்கத்து வானத்தில் கேமரா முதலில் பிடித்தது சூரியனை. நட்சத்திரங்களுக்கு இன்னும் கொஞ்சம் காலம் ஆனது.

1887-இல் பாரிசில் கூடிய அறிஞர்கள் வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, பல நாட்டு வானாய்வகங்களுக்குப் பங்கு போட்டார்கள். ஒரு பங்கு தென்னமெரிக்காவில் முடியாமல் நின்றபோது அதை எடுத்துச் செய்தது நம் ஹைதராபாத். அங்கேயும் தொடக்கம் ஓர் ஆர்வலர்தான். 1901-இல் நவாப் ஜாபர் ஜங் இங்கிலாந்திலிருந்து தொலைநோக்கி வரவழைத்துத் தொடங்கிய நிஜாமியா வானாய்வகம், 1908-இல் நிஜாம் அரசின் கைக்கு வந்தது. கட்டம் போட்ட கண்ணாடித் தட்டுகளை நுண்ணோக்கியில் வைத்து, புள்ளி புள்ளியாக அளந்து, 12 தொகுதிகளில் 7 லட்சத்துக்கும் அதிகமான நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்தார்கள். அளந்தவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. சிரியஸ் நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கும் எம்-41 என்ற கூட்டம் அவர்கள் பங்கில்தான் வருகிறது. அதை நான் படமெடுக்கும் போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

ராதா கோவிந்த சந்திரா என்று ஒருவர். வங்காளத்து ஜெஸ்ஸோரில் கருவூல அலுவலகத்தில் வேலை. பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர். மூன்று அங்குலத் தொலைநோக்கி வாங்கி, ஒளி மாறும் நட்சத்திரங்களை இரவிரவாகப் பார்த்து, 37,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பினார். அவர்கள் 1926-இல் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பிவைத்தார்கள். அது பின்னாளில் வைணு பாப்புவின் கைக்கு வந்து, கடைசியில் நம் ஜவ்வாது மலைக் காவலூரை அடைந்தது. பாப்புவின் தந்தை அதே நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். காவலூரை உருவாக்கியவர் பாப்பு. 1988 பிப்ரவரி 17 அன்று அங்கே ராஜமோகன் படத்தட்டில் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். பாப்பு கனவு கண்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி, அவர் மறைந்த பிறகு, அவர் பெயரிலேயே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த நாள் 1986 ஜனவரி 6.

அதே ஜனவரியில்தான் நான் கொள்ளிடக் கரையில் ஒரு பிள்ளையிடம் "உனக்கு எண்ணத் தெரியாதா?" என்று கேட்டேன்.

இப்போது என் மொட்டைமாடிக்கு வருகிறேன். நான் விஞ்ஞானப் பட்டதாரி இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தவன். ஓய்வு பெற்ற பணத்தில் ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்றும், பூமி சுழல்வதற்கு ஏற்ப அதைத் திருப்பும் மோட்டார் தாங்கியும் வாங்கினேன். கேமரா பழையது. வீட்டில் "இந்தப் பணத்துக்குக் கிரைண்டர் மாற்றியிருக்கலாம்" என்றார்கள். நியாயந்தான்.

தாங்கியைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து 11 பாகை உயரந்தான். என் வீட்டிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும், துருவன் தெரியாது. திசைகாட்டியை வைத்துக்கொண்டு தட்டித் தடவித்தான் நிறுத்துகிறேன். தெற்கே ராஜகோபுர விளக்கும் அதற்கு அப்பால் திருச்சி நகர வெளிச்சமும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறோம், பனிக்குக் கேட்க வேண்டுமா? கண்ணாடி அரைமணியில் வியர்த்துவிடும். பேத்தியின் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுபோய்த்தான் காயவைக்கிறேன்.

20 நொடிக்கு ஒரு படம் என்று 100 படங்கள். பேத்தி அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தாள். ஒரே படத்தில் நட்சத்திரமும் இருக்கும், கேமராவின் பொட்டுப் பொட்டான இரைச்சலும் இருக்கும். நட்சத்திரம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். இரைச்சல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். 100 படத்தை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஹென்றி சகோதரர்களின் குடந்தான், நான் நூறு டம்ளரில் பிடித்து ஊற்றுகிறேன்.

படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு, ஸ்கேலால் கட்டம் கிழித்து எண்ணினேன். 412 வரை எண்ணி நிறுத்திக்கொண்டேன். அவை எல்லாமே கார்த்திகைக் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. சில முன்னால் இருப்பவை, பல வெகு பின்னால் இருப்பவை. கூட்டம் சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. மதுரை நாயக்கர்கள் திருச்சியை ஆண்ட காலத்தில் கிளம்பிய ஒளி அன்று என் மாடியில் வந்து இறங்கியது.

எண்ணி முடித்தபோதுதான் கூட்டத்தின் கைப்பிடிப் பக்கம் கண் போனது. அங்கே அட்லஸ், பிளையோனி என்று இரண்டு நட்சத்திரங்கள் ஒட்டினாற்போல இருக்கும். சாதாரணக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மிகக் கூர்மையான கண்ணுக்கு மட்டும் பிரிந்து தெரியும். அதைப் பார்த்ததும் எனக்கு அந்த மணல் நினைவுக்கு வந்தது. அந்தப் பையன் குத்திய எட்டுப் புள்ளிகளில், கைப்பிடி முனையில் இரண்டு புள்ளி ஒட்டி ஒட்டி இருந்தன. "இதென்ன, ஒன்றை இரண்டு தடவை குத்தியிருக்கிறாய்?" என்று அதற்கும் சேர்த்துத்தான் கேலி செய்தேன்.

அவன் ஊகித்துச் சொல்லவில்லை. பார்த்துச் சொல்லியிருக்கிறான். புத்தகத்தில் இருந்த எண்ணை நான் நம்பினேன், என் எதிரில் நின்ற பிள்ளையின் கண்ணை நம்பவில்லை.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படித்தால் உனக்கே தெரியும். நீ சொன்ன எட்டு சரி. எண்ணத் தெரியாதவன் நான்தான். அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு. இந்த ஊர்ப் பக்கம் வந்தால் இருட்டியபின் வீட்டுக்கு வா. மாடிப்படியில் விளக்குப் போட மாட்டேன், பார்த்து ஏறி வா. உன் பிள்ளைகளையும் அழைத்து வா. அவர்கள் எத்தனை சொல்கிறார்களோ அத்தனையை எழுதிக்கொள்கிறேன்.

மற்றவர்களும் இன்றிரவு மாடிக்குப் போய், விளக்கை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்கிக் கார்த்திகையை எண்ணுங்கள். உங்களுக்கு எத்தனை தெரிந்தது என்று கீழே எழுதுங்கள். இந்தத் தடவை நான் யாரையும் திருத்த மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
ஸ்ரீரங்கம்.