மூத்தவர்களுக்கு இலவசப் பேருந்து: பர்மிங்காம் முதல் ஒரகடம் வரை



ஒரகடம் கூட்டுச் சாலையில் காலை பத்து மணிக்கு நின்று பாருங்கள். ஷிப்டுக்குப் போகிறவர்களின் கம்பெனி பஸ்கள் எல்லாம் போன பிறகு, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்காக நிற்பவர்களில் பாதிப் பேர் வயதானவர்களாக இருப்பார்கள். பிள்ளைகளின் வேலைக்காக ஊரை விட்டு இங்கே வந்து நம்மோடு வசிக்கும் பெற்றோர்கள் அவர்கள். கணவனும் மனைவியுமாக ஏறினால், நடத்துநர் அம்மாவுக்குக் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துக் கொடுப்பார். எழுபது வயது ஐயா பையில் சில்லறை தேட வேண்டும். அதே ஐயாவின் முகவரி சென்னையில் இருந்தால், அவருக்கும் மாதம் சில பயணங்கள் இலவசமாகக் கிடைத்திருக்கும். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். இதன் வரலாறு நம் மாநிலத்தில் தொடங்கவில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக்குப் போவோம். அங்கே பஸ்ஸையும் டிராமையும் மாநகராட்சியே ஓட்டியது. 1950-களின் தொடக்கத்தில், 70 வயது கடந்த ஆண்களும் 65 வயது கடந்த பெண்களும் நெரிசல் இல்லாத நேரங்களில் இலவசமாகப் போகலாம் என்று மாநகராட்சி முடிவு செய்தது. பிரெஸ்காட் என்ற வரி செலுத்துபவர் வழக்குப் போட்டார். 1954 இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வரிப்பணத்துக்கு மாநகராட்சி ஒரு காப்பாளர் மாதிரி; போக்குவரத்தைத் தொழில்முறையில் நடத்த வேண்டும்; ஒரு பிரிவினருக்கு மட்டும் அன்பளிப்பு கொடுக்கச் சட்டம் அனுமதி தரவில்லை என்பது அதன் சாரம்.

திட்டம் அத்தோடு முடிந்துவிடவில்லை. மறு ஆண்டே, 1955-ல், ஏற்கெனவே நடந்துவந்த சலுகைகளைக் காப்பாற்ற நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1964-ல் வந்த இன்னொரு சட்டம் மற்ற உள்ளாட்சிகளுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. லண்டனில் 1973-ல் முதியோர் பாஸ் வந்தது.

ஆனால் இங்கிலாந்தின் மற்ற இடங்களில் ஒரு சிக்கல் நீடித்தது. சலுகை அந்தந்த உள்ளாட்சியின் கையில் இருந்ததால், ஓர் ஊரில் இலவசம், பக்கத்து ஊரில் பாதிக் கட்டணம் என்று இருந்தது. 2006 ஏப்ரலில், 60 வயதானவர்கள் தங்கள் உள்ளாட்சி எல்லைக்குள் இலவசமாகப் போகலாம் என்று நாடு முழுவதும் ஆக்கினார்கள். அப்போதும் எல்லையைத் தாண்டினால் காசுதான். மருத்துவமனை பக்கத்து எல்லையில் இருந்தால் என்ன செய்வது? 2007-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து, 2008 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தின் எந்த உள்ளூர் பஸ்ஸிலும் அந்த அட்டை செல்லும் என்றாக்கினார்கள். இந்த எல்லைக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

அயர்லாந்து 1967-லேயே ஓய்வூதியம் வாங்கும் முதியோருக்கு நாடு தழுவிய இலவசப் பயணம் கொடுத்துவிட்டது. தென் கொரியாவில் 1984 முதல் 65 வயதானவர்களுக்குச் சுரங்க ரயில் இலவசம். அன்று அந்த வயதினர் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் இருந்தார்கள். இன்று ஐந்தில் ஒருவர். செலவை நகரம் ஏற்பதா, மத்திய அரசு ஏற்பதா, வயதை உயர்த்துவதா என்று அங்கே இன்னும் வாதம் நடக்கிறது.

இனி நம் பக்கம். சென்னையில் 2016 பிப்ரவரியில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தபடி, 60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஏ.சி. இல்லாத பஸ்களில் மாதம் 10 முறை இலவசப் பயணம் தொடங்கியது. அதற்கு டோக்கன் கொடுத்தார்கள். 2020 பொதுமுடக்கத்தில் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது. வயதுச் சான்றோடு சென்னை முகவரிச் சான்றும் வேண்டும். அங்கேதான் நாம் நிற்கிறோம். நம் ரேஷன் கார்டில் இருப்பது காஞ்சிபுரம் மாவட்டம்.

2021 மே மாதம், பதவியேற்றதும் முதல்வர் ஸ்டாலின் போட்ட முதல் உத்தரவுகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். பின்னர் திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களின் உதவியாளருக்கும் விரிந்தது. போக்குவரத்துக் கழகங்களின் இழப்பை ஈடுகட்ட அப்போதே 1,200 கோடி ரூபாய் என்று அரசு கணக்கிட்டது. இதற்கு மாவட்ட எல்லை கிடையாது. அதனால்தான் ஒரகடத்து அம்மாவுக்குச் சீட்டு இலவசம். மகாராஷ்டிரம் 2022 ஆகஸ்ட் முதல் 75 வயது கடந்தவர்களுக்கு அரசுப் பேருந்தை மாநிலம் முழுவதும் இலவசமாக்கியது. 65 முதல் 75 வரை பாதிக் கட்டணம். ரயிலில் மட்டும் நிலைமை தலைகீழ்: ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த மூத்தோர் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, திரும்ப வரவில்லை.

இந்த எழுபது ஆண்டுக் கதையில் மூன்று கேள்விகள் மட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. பணம் யார் கொடுப்பது? எந்த வயதிலிருந்து? எல்லை எதுவரை? பர்மிங்காம் முதல் கேள்வியில் தடுக்கி விழுந்தது. கொரியா இரண்டாவதில் நிற்கிறது. நமக்குச் சிக்கல் மூன்றாவது.

பத்து இருபது ரூபாய் பெரிய காசா என்று நம்மில் சம்பாதிப்பவர்கள் கேட்கலாம். பென்ஷன் இல்லாத ஒரு பெரியவர், அந்தப் பத்து ரூபாயை மகனிடம் கேட்கக் கூச்சப்பட்டு, சர்க்கரை மாத்திரை வாங்கப் போவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவதை நம் குடியிருப்பிலேயே பார்க்கலாம். பஸ் சீட்டு என்பது அவருக்கு யாரையும் கேட்காமல் வெளியே போய் வரும் சுதந்திரம்.

சென்னை எல்லையைத் தாண்டியும் மூத்தோர் டோக்கன் வேண்டும் என்று கேட்பது புதுமையான கோரிக்கை அல்ல. இங்கிலாந்தில் இரண்டே ஆண்டில் எல்லையை எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமைகளில் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம் என்பது என் யோசனை. உங்கள் வீட்டில் 60 வயது கடந்தவர்கள் எத்தனை பேர், மாதம் எத்தனை முறை, எங்கே பஸ்ஸில் போகிறார்கள் என்று மட்டும் ஒரு தாளில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு முன் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். எழுதும் முன் அவர்களிடமே கேளுங்கள். எங்கே போக ஆசைப்பட்டு, போகாமல் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.