முதலாளி யார்? ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பகுதியில் பொறுப்பும் அதிகாரமும்

பொருளாதார ஏற்றத்தாழ்வு பற்றிய விவாதம் பெரும்பாலும் கூலியின் அளவோடு நின்றுவிடுகிறது. கூலி ஏன் அந்த அளவிலேயே நிற்கிறது என்ற கேள்விக்கு 1933இல் ஜோன் ராபின்சன் ஒரு விடை தந்தார்: உழைப்பை வாங்குபவர் ஒருவர் மட்டுமே என்றால், அது ஈட்டித்தரும் மதிப்பைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக்கு இவ்விடை முழுதாகப் பொருந்தாது. அங்கே ஆலைகள் பல. ஆனாலும் தொழிலாளரின் பேரம் பேசும் வலு குறைவு. முதலாளிக்குரிய பொறுப்புகளைப் பலரிடம் பிரித்துக் கொடுப்பதிலிருந்தே அங்குப் பெருநிறுவன அதிகாரம் பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. பின்னியும் பின்வந்தோரும்

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளருக்குத் தங்கள் எதிர்த்தரப்பு யார் என்பதில் ஐயமில்லை. கூலி கொடுத்ததும் வேலைநேரம் வகுத்ததும் கதவடைத்ததும் பின்னி நிறுவனம்தான். சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது அந்நிறுவனம் தொடுத்த வழக்கு, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகோலிய காரணங்களில் முக்கியமானது.

இன்று அந்தத் தெளிவு இல்லை. ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பின்படி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய ஆலைத் தொழிலாளரில் சுமார் ஐந்தில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளர். 2022-23இல் ஐந்தில் இருவர். ஒரே ஷிப்டில் ஒரே வரிசையில் நிற்பவர்களுள் ஒருவர் நிரந்தரம், ஒருவர் பயிற்சியாளர், ஒருவர் காண்ட்ராக்ட். வேலை ஒன்று, சம்பளமும் கேள்வி கேட்கும் உரிமையும் வேறு வேறு.

2. மூன்று நிகழ்வுகள்

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். விடுதி உணவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தனர். விடுதிகளை நடத்தியவர்கள் ஒப்பந்ததாரர்கள், ஆலை ஃபாக்ஸ்கானுடையது, பொருள் ஆப்பிளுடையது. அப்பெண்களோடு எந்த வேலை ஒப்பந்தமும் செய்துகொள்ளாத ஆப்பிள், சில விடுதிகளும் உணவறைகளும் தன் தரவிதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று கூறி ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அதன்பிறகே ஆலை சீர்திருத்தங்களோடு மீண்டும் திறந்தது. சட்டப்படி பொறுப்பில்லாத இடத்தில்தான் சரிசெய்யும் அதிகாரம் இருந்தது என்பதை இந்நிகழ்வு காட்டிவிட்டது.

2014 நவம்பர் 1 அன்று நோக்கியா தன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மூடியது. நிரந்தரத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகையுடன் வெளியேறினர். ஒப்பந்தத் தொழிலாளரைப் பொறுத்தவரை அந்தத் தொகைக்கான பேச்சுவார்த்தை நடந்த மேசையில் அவர்களுக்கு நாற்காலியே இல்லை.

2024 செப்டம்பரில் சாம்சங் ஆலையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று சங்க அங்கீகாரம். சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ இருக்கக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. இவர்கள் நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் என்பது கவனத்துக்குரியது. முதலாளி யாரெனத் தெரிந்தவர்களுக்கே இவ்வளவு காலம் பிடித்தது.

3. எதிர்வாதமும் சட்டமும்

இந்த ஆலைகள் வாய்ப்பைத் தரவில்லையா என்று கேட்கலாம். தந்திருக்கின்றன. இந்திய ஆலைகளில் வேலைசெய்யும் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கிராமத்துப் பெண்ணுக்குச் சொந்தச் சம்பளம் கிடைப்பது சிறிய மாற்றமன்று. ஆனால் வேலை கிடைத்தது என்பதும் பேரம் பேச முடிகிறது என்பதும் ஒன்றல்ல. படுக்கையும் பேருந்தும் சாப்பாடும் வேலையோடு பிணைந்திருக்கும்போது, வேலையை விடுவதென்பது அன்றிரவே தங்க இடமில்லாமல் போவதாகும். பக்கத்தில் பத்து ஆலைகள் இருந்தும் போட்டி கூலியை உயர்த்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால், அவர் வழியாக ஆளெடுக்கும் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று 2001இல் இந்திய எஃகு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம், நலவசதிகளை முதன்மை வேலையளிப்பவரின் கடமையாக்கியிருப்பது முன்னேற்றம். அதே சட்டம் தன் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பை 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்தியிருப்பது பின்னடைவு.

முடிவுரை

கூலிக்கும் கழிப்பறைக்கும் முதன்மை வேலையளிப்பவரைப் பொறுப்பாக்கும் சட்டம், பேச்சுவார்த்தைக்கு மட்டும் அவரைப் பொறுப்பாக்கத் தயங்குகிறது. வேலையின் வேகத்தையும் நேரத்தையும் எண்ணிக்கையையும் தீர்மானிப்பவர் எவரோ, அவரே ஒப்பந்தத் தொழிலாளரோடும் கூட்டுப்பேரத்தில் உட்கார வேண்டும் என்ற விதி தேவை. குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவது அவசியம். அது மட்டும் போதாது. அடுத்த உயர்வை யாரிடம் கேட்பது என்பது தெரியாதவரை, கொடுத்த உயர்வை விலைவாசி தின்றுவிடும்.