சிறுநீர்க் கசிவு: நரம்பு பாதிப்புதான் காரணமா? என்னென்ன ஆபரேஷன்கள் இருக்கு, யாருக்கு எது?

கரையான்சாவடியில் பஸ் ஏறினால், போரூர் போய்ச் சேர்வது டிராஃபிக் கையில்தான் இருக்கிறது. நடுவழியில் டிரெஸ் நனைஞ்சிடுமோங்கிற பயத்திலேயே வேலையை விட்டவர்கள், கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்தியவர்கள் உண்டு. பைக் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும், பிறவியிலேயே முதுகெலும்பு சரியாக மூடாத 'ஸ்பைனா பிஃபிடா' பாதிப்புள்ளவர்களுக்கும் இது தினசரிப் போராட்டம். வெளியே சொல்லக் கூச்சப்படுவதால், சிகிச்சை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

ஏன் கசிகிறது?

சிறுநீர்ப்பை பொதுவாக 300 முதல் 500 மி.லி வரை தாங்கும். 'நிரம்பிடுச்சு' என்று மூளைக்குச் சொல்வதும், 'இப்போ வேண்டாம், பொறு' என்று மூளை பதில் சொல்வதும் தண்டுவட நரம்புகள் வழியாகத்தான். அந்த லைன் அறுந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பை தன்னிஷ்டத்துக்குச் சுருங்கிக் கசியும். அல்லது சுருங்கவே முடியாமல் நிரம்பி வழியும்.

கசிவைவிடப் பெரிய ஆபத்து, பைக்குள் ஏறும் அழுத்தம். அது தொடர்ந்து அதிகமாக இருந்தால், வலியே இல்லாமல் கிட்னி கெட்டுப்போகும். அதனால்தான் எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் 'யூரோடைனமிக்ஸ்' டெஸ்ட் எடுத்து அழுத்தத்தை அளக்கிறார்கள்.

உடனே ஆபரேஷனா?

இல்லை. முதலில் மாத்திரைகளும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானே மெல்லிய டியூப் விட்டு சிறுநீரை வெளியேற்றும் பழக்கமும்தான். 1972-ல் அமெரிக்க டாக்டர் ஜாக் லாப்பிடஸ் பிரபலமாக்கிய இந்த எளிய முறை, எத்தனையோ பேரின் கிட்னியைக் காப்பாற்றியிருக்கிறது. இதெல்லாம் போதாதபோதுதான் அடுத்த கட்டம்.

என்னென்ன வழிகள்?

போடாக்ஸ் ஊசி: எண்டோஸ்கோப் வழியாகச் சிறுநீர்ப்பைத் தசையில் போடுவார்கள். அடங்காமல் சுருங்கும் பை அமைதியாகும். பலன் சில மாதங்கள்தான். மறுபடி போட வேண்டும்.

பையைப் பெரிதாக்குதல்: சிறுகுடலின் ஒரு துண்டை எடுத்துச் சிறுநீர்ப்பையோடு தைப்பார்கள். கொள்ளளவு கூடும், அழுத்தம் குறையும். ஆனால் இது பெரிய ஆபரேஷன். குடல் சுரக்கும் சளி, கல், பி12 குறைபாடு எனக் கவனிக்க வேண்டியவை உண்டு. பெரும்பாலானவர்கள் அதன்பிறகும் டியூப் போட வேண்டும். ஆயுள் முழுக்க செக்கப் அவசியம்.

மிட்ரோஃபனாஃப்: குடல்வாலைக் கொண்டு தொப்புளிலிருந்து சிறுநீர்ப்பைக்கு ஒரு சின்னப் பாதை. 1980-ல் பிரெஞ்சு சர்ஜன் பால் மிட்ரோஃபனாஃப் அறிமுகப்படுத்தியது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே சட்டையைத் தூக்கி டியூப் போட்டுக்கொள்ளலாம். முக்கியமாகப் பெண்களுக்குப் பெரிய நிம்மதி.

ஸ்லிங், செயற்கை வால்வு: சிறுநீர்ப்பையின் வாசல் தளர்ந்தவர்களுக்கு. வால்வில், தோலுக்கடியில் இருக்கும் பம்ப்பை அழுத்தினால் வழி திறக்கும். பிறகு தானாக மூடும். இன்ஃபெக்‌ஷன் வந்தாலோ பழுதானாலோ மாற்ற வேண்டியிருக்கும். பைக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும்போது வாசலை மட்டும் அடைத்தால் கிட்னிக்கு ஆபத்து. அதனால் அழுத்தத்தைச் சரிசெய்த பிறகோ, கூடவேவோதான் இதைச் செய்வார்கள்.

டாக்டரிடம் கேளுங்கள்

என் கிட்னி எப்படி இருக்கு? ஆபரேஷனுக்குப் பிறகும் டியூப் போடணுமா? என் கை அதற்கு ஒத்துழைக்குமா? பிறகு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? இந்த நான்கையும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஸ்பைனா பிஃபிடா உள்ளவர்களுக்கு ரப்பர் அலர்ஜி அதிகம் என்பதால், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது?

யூராலஜி பிரிவுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடங்கலாம். மறுவாழ்வுப் பயிற்சிக்குச் சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே ஆபரேஷன் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் உருவாக்கிய மறுவாழ்வுத் துறை வேலூர் சி.எம்.சி-யில் இயங்குகிறது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் சிகிச்சை வருமா என்று மருத்துவமனையிலேயே விசாரியுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கசியுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். அது கல்லையும் இன்ஃபெக்‌ஷனையும்தான் கூட்டிவரும். காய்ச்சலோடு சிறுநீர் கலங்கி வந்தால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.