வரையறுத்த பொறுப்பு நிறுமம் (தமிழ்நாடு)

வரையறுத்த பொறுப்பு நிறுமம் என்பது, தொழிலில் பணம் போட்டவர் தாம் ஏற்ற பங்குத் தொகைக்கு மேல் அத்தொழிலின் கடனுக்குப் பொறுப்பாகாத வகையில் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு. மக்கள் வழக்கில் இது 'லிமிடெட் கம்பெனி'. நிறுமத்துக்குத் தனிப்பெயர், தனிச்சொத்து, தனிக்கடன் உண்டு. அது வழக்குத் தொடுக்கலாம். அதன் மீதும் வழக்குத் தொடுக்கலாம். பங்குதாரர் இறந்தாலும் நிறுமம் இறப்பதில்லை.

சிவகாசி வட்டாரத்து எம். புதுப்பட்டியில் மூன்று உறவினர்கள் பணம் திரட்டிப் பட்டாசுத் தொழில் தொடங்குவதாகக் கொள்வோம். எழுத்து வடிவ ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொண்டால் அது கூட்டாண்மை. வேதிப்பொருள் வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கிக்காக மூவரில் எவருடைய வீட்டின் மீதும் நீதிமன்றம் கைவைக்கலாம். பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்திருந்தால் அந்தக் கடன் நிறுமத்தின் சொத்தோடு நிற்கும். இந்த வேறுபாட்டின் வரலாறே இக்கட்டுரை.

தோற்றம்

பிரிட்டனில் 1855ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த பொறுப்பை முதன்முதலாகப் பொது உரிமையாக்கியது. இந்தியாவில் 1850ஆம் ஆண்டின் 43ஆம் சட்டம் கூட்டுப்பங்கு நிறுமங்களைப் பதிவு செய்ய வழி தந்தது. ஆனால் பொறுப்புக்கு வரம்பு வைக்கவில்லை. அந்த வரம்பு 1857ஆம் ஆண்டின் 19ஆம் சட்டத்தில் வந்தது. அப்போது மறுக்கப்பட்ட இந்தச் சலுகை வங்கிகளுக்கு 1860இல் கிடைத்தது. பின்னர் 1866, 1882, 1913 ஆகிய ஆண்டுகளில் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. பொதுமக்களிடம் பங்கு விற்காத 'தனியார் நிறுமம்' (பிரைவேட் லிமிடெட்) என்ற வகையை 1913ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. இலண்டனில் 1897இல் முடிந்த சாலமன் வழக்கு, ஒரே குடும்பத்தார் நடத்தினாலும் நிறுமம் வேறு, முதலாளி வேறு என்று நிலைநாட்டியது. இன்றுவரை இந்திய நீதிமன்றங்கள் அடியெடுத்து நடக்கும் தீர்ப்பு அது.

தமிழகத்தில் 1906 அக்டோபர்

தமிழகத்துக்கு இந்த அமைப்பின் பலத்தை உணர்த்தியது 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அம்மாதம் 16ஆம் நாள், 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தூத்துக்குடியில் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கப்பல் வாங்கும் அளவுக்குத் தனி ஒருவரிடம் பணம் இல்லாத நாட்டில், சிறு வணிகரும் 25 ரூபாய் கொடுத்துக் கப்பலில் பங்கு பெறலாம் என்பதே அதன் ஆற்றல். தலைவராகப் பாண்டித்துரைத் தேவர் இருந்தார். அரசின் அடக்குமுறையும் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தின் கட்டணப் போட்டியும் நெருக்க, சங்கம் 1911இல் கலைக்கப்பட்டது.

அதே மாதம் 22ஆம் நாள் சென்னையில் அர்பத்நாட் வணிக இல்லம் முறிந்தது. மக்களின் வைப்புத்தொகையை வாங்கிக் கையாண்ட அது வரையறுத்த பொறுப்பு நிறுமம் அன்று, கூட்டாண்மை. பொறுப்புக்கு வரம்பில்லை என்பது கேட்பதற்கு வைப்பாளருக்கு ஆறுதல்தான். கையிருப்பே கரைந்துபோன பிறகு அந்த ஆறுதலால் பயன் இல்லை. அந்த அதிர்ச்சியிலிருந்து, வழக்குரைஞர் வ. கிருஷ்ணசாமி ஐயரின் முன்முயற்சியில், 1907இல் இந்தியன் வங்கி லிமிடெட் நிறுமமாகப் பிறந்தது.

தென்பாண்டிச் சீமை

விருதுநகர், சிவகாசி, தூத்துக்குடிப் பகுதி நாடார் வணிகர்களுக்குப் பணம் திரட்டுவது புதிதன்று. ஒவ்வொரு சரக்கின் மீதும் சிறுதொகை பிடித்து 'மகமை' சேர்த்து, உறவின்முறை என்னும் தம் சமூக அமைப்பின் வழியாகப் பள்ளியும் பேட்டையும் கட்டியவர்கள் அவர்கள். அந்தப் பழக்கம் சட்ட வடிவம் பெற்ற இடம் நாடார் வங்கி. 1921 மே 11ஆம் நாள் 1913ஆம் ஆண்டுச் சட்டப்படி லிமிடெட் நிறுமமாகப் பதிவாகி, அவ்வாண்டு நவம்பரில் தூத்துக்குடியில் தொழில் தொடங்கியது. 1962இல் அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்றாயிற்று.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் வந்தது. 1940ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் உற்பத்திக்கும் இருப்புக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பட்டாசு இறக்குமதியும் நின்றது. அதன்பின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் பெருகின. ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ், ஸ்ரீ காளீஸ்வரி ஃபயர்ஒர்க்ஸ் போன்ற பெரிய இல்லங்கள் இன்று பிரைவேட் லிமிடெட்டுகள். ஆனால் சுற்றுக் கிராமங்களின் சிறிய ஆலைகளில் பல இன்னும் தனிநபர் பெயரிலோ, 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படியோ நடக்கின்றன. அச்சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கூட்டாளியும் முழுக் கடனுக்கும் பொறுப்பு.

இன்றைய சட்டம்

விடுதலைக்குப் பின் 1956ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் 2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டமும் வந்தன. இப்போது தனியார் நிறுமத்துக்கு 2 முதல் 200 வரை உறுப்பினர்கள். பொது நிறுமத்துக்குக் குறைந்தது 7 பேர். ஒருவரே நடத்தும் 'ஒருநபர் நிறுமம்' 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் புதுமை. தனியார் நிறுமத்துக்கு 1 லட்சம் ரூபாய் குறைந்தபட்ச மூலதனம் வேண்டும் என்ற நிபந்தனை 2015இல் நீக்கப்பட்டது.

கூட்டாண்மையின் எளிமையும் லிமிடெட்டின் காப்பும் சேர்ந்த வடிவம் 'வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை', வழக்கில் எல்எல்பி. இதற்கான 2008ஆம் ஆண்டுச் சட்டம் 2009 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது இரண்டு கூட்டாளிகள் போதும். பழைய கூட்டாண்மையை எல்எல்பியாக மாற்றவும் அதில் வழியுண்டு. அமெரிக்காவில் வயோமிங் மாநிலம் 1977இல் தொடங்கிவைத்த எல்எல்சி (லிமிடெட் லயபிலிட்டி கம்பெனி) இதற்கு நெருங்கிய உறவு.

மாநிலம் எங்கே நுழைகிறது?

அமெரிக்காவில் நிறுமச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் டெலவேரில் பதிவு செய்து வேறு மாநிலத்தில் தொழில் நடத்துவது அங்கு வழக்கம். இந்தியாவில் சட்டம் ஒன்றே. எனினும் பதிவு அலுவலகம் எந்த மாநிலத்தில் உள்ளது என்பதை, நிறுமத்தின் அடிப்படை ஆவணமான அமைப்பு முறையேட்டில் எழுதியே ஆக வேண்டும். வேறு மாநிலத்துக்கு மாற ஒன்றிய அரசின் ஒப்புதல் தேவை. முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தமிழ்நாட்டுக்கு நிறுமப் பதிவாளர் அலுவலகங்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ளன. விருதுநகர் மாவட்டம் சென்னையைச் சேர்ந்தது.

பதிவு முறை இப்போது இணையவழி. இயக்குநர்களுக்கு மின்கையொப்பம் வாங்கி, பெயரை ஒதுக்கிக்கொண்டு, 2020இல் வந்த 'ஸ்பைஸ் பிளஸ்' படிவத்தோடு அமைப்பு முறையேட்டையும் செயல்முறை விதிகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பான் எண் பதிவுச் சான்றிதழுடனே வரும். பங்குப் பணம் வந்துவிட்டது என்ற உறுதிமொழியை 180 நாளுக்குள் கொடுத்த பிறகே தொழில் தொடங்கலாம். அதன்பின் ஆண்டுதோறும் தணிக்கையும் கணக்குத் தாக்கலும் தவறக்கூடாது; தவறினால் அபராதம் வளரும்.

பட்டாசுத் தொழிலுக்கு இந்தச் சான்றிதழ் முதல் படி மட்டுமே. வெடிபொருள் உரிமம் தனி. ஒரே நேரத்தில் 15 கிலோ வரை வெடிபொருள் கையாள மாவட்ட வருவாய் அலுவலர் (டிஆர்ஓ) அளவில் தருவதை ஊரில் 'டிஆர்ஓ லைசென்ஸ்' என்பார்கள். அதற்கு மேல் 500 கிலோ வரை, ஒன்றிய அரசின் வெடிபொருள் துறையின் சென்னை அலுவலகம் தரும் 'சென்னை லைசென்ஸ்'. அதற்கும் மேல், அத்துறையின் நாக்பூர் தலைமையகம் தரும் 'நாக்பூர் லைசென்ஸ்'.

பொறுப்பின் எல்லை

'வரையறுத்த பொறுப்பு' என்ற சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இங்கேதான். அது கடனுக்கு வரம்பு, கடமைக்கு அன்று. மோசடி நோக்கத்தோடு தொழில் நடத்தியவர் சொந்தச் சொத்தாலும் பதில் சொல்ல வேண்டும். கடன் கொடுக்கும் வங்கி இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதத்தையும் கேட்டு வாங்குகிறது. அந்த அளவுக்கு அவருடைய காப்பு தளர்கிறது. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் செய்த திருத்தம், நிறுமம் நடத்தும் ஆலையின் பொறுப்பாளராக இயக்குநர் ஒருவரையே கருதியது. டெல்லி ஸ்ரீராம் ஆலை வாயுக் கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்துவோருக்கு விபத்தில் முழுப் பொறுப்பு உண்டு, நிறுவனம் பெரிதாக இருந்தால் இழப்பீடும் பெரிதாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியிலும், 2023 அக்டோபர் 17ஆம் நாள் எம். புதுப்பட்டிக் காவல் எல்லையிலுள்ள ரெங்கபாளையத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகளை இவ்வட்டாரம் மறக்காது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை வேறு வேறு ஆட்களுக்கு உள்குத்தகைக்கு விடும் வழக்கம் விபத்து விசாரணைகளில் திரும்பத் திரும்பக் குறையாகச் சுட்டப்பட்டது. உரிமதாரர், குத்தகைதாரர், போர்மேன் என்று பொறுப்பு கைமாறும்போது, பட்டாசில் வெடிமருந்து செலுத்தும் பெண்ணுக்கு யார் பொறுப்பு என்பதே தெரியாமல் போகிறது. ஒழுங்காக நடத்தப்படும் நிறுமம் இந்தக் குழப்பத்தைக் குறைக்கும்: இயக்குநர் யார், பதிவு அலுவலகம் எங்கே, கணக்கு என்ன என்பவை எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் இருக்கும்.

ஆகவே எம். புதுப்பட்டியில் லிமிடெட் பதிவு செய்பவர் தம் வீட்டைக் கடனிலிருந்து காப்பாற்றிக்கொள்வது நியாயமே. ஆனால் தம் ஆலையில் வேலை செய்பவரின் உயிருக்கு அவர் ஏற்கும் பொறுப்புக்கு அந்தப் பதிவு வரம்பு வைக்காது, வைக்கவும் கூடாது.