டெய்லரம்மா வீட்டு லைன்

2021 ஜூன். கொரோனா இரண்டாம் அலையில் அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்பத்தூர் வீட்டில் டிவியைப் போட்டால், கணக்கில் பணம் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. இணைப்பு அப்பா பெயரில் இருந்தது. அம்மா பெயருக்கு மாற்றிவிடலாம் என்று அந்த டிடிஎச் நிறுவனத்துக்கு என் போனிலிருந்து பேசினேன். பதிவு செய்த எண்ணிலிருந்து அழைக்கச் சொன்னார்கள். பீரோவில் வைத்திருந்த அப்பாவின் போனை எடுத்து, சார்ஜ் ஏற்றி, அதிலிருந்து அழைத்தேன்.

"அக்கவுன்ட் சார் பேர்ல இருக்கு மேடம். சார்கிட்ட குடுங்க."

"அவர் இல்லை."

"எப்ப வருவார் மேடம்?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். சற்று நேரம் கழித்து அங்கிருந்தே சொன்னாள்: "பழைய கேபிள்காரத் தம்பிக்கே போன் போடுடி. அவன் இதெல்லாம் கேக்க மாட்டான்."

கேபிளா, டிஷ்ஷா என்று யாரைக் கேட்டாலும் நான்கு விஷயங்களைச் சொல்வார்கள்: படத்தின் தெளிவு, சேனல்களின் எண்ணிக்கை, மாதச் செலவு, மழைக்குத் தாங்குமா தாங்காதா. அன்று அம்மா சொன்ன காரணம் இந்த நான்கிலும் இல்லை. அந்தக் காரணத்தைப் பின்தொடர்ந்து போனால் நம் வீடுகளின் முப்பது ஆண்டு வரலாறு ஒன்று கிடைக்கிறது. பணம் யார் கையிலிருந்து போனது, இணைப்பு யார் பெயரில் வந்தது என்பதே அந்த வரலாறு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதே மாதம் முதல் தேதியில் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளைக் கொண்டுசெல்லும் சைட் என்ற சோதனைத் திட்டமும் தொடங்கியது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. வேளாண்மை, உடல்நலம், குடும்பக் கட்டுப்பாடு என்று பாடம் சொல்லும் ஆசிரியராகத்தான் செயற்கைக்கோள் இந்தியாவுக்குள் வந்தது. ஊருக்கு ஒரு பெட்டி. அதன் முன்னால் ஊரே உட்கார வேண்டும்.

எங்கள் தெருவிலும் ஏறக்குறைய அப்படித்தான். டிவி வைத்திருந்த வீடு ஒன்று. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை படம். பெண்கள் வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து வாசற்படி ஓரமாக உட்காருவார்கள். அந்த வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் டிவி நின்றுவிடும். யாரும் எதுவும் சொல்ல முடியாது.

1991இல் ஸ்டார் டிவி வந்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. அதற்கு முன்பே நகரங்களில் ஓர் அறையில் விசிஆர் வைத்து, மொட்டை மாடிகள் வழியாக ஒயர் இழுத்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் படம் போட்டுக் காட்டியவர்கள் இருந்தார்கள். அந்த ஒயர்தான் பிறகு சேனல்களையும் சுமந்தது. அப்போது கேபிளும் செயற்கைக்கோளும் எதிரெதிர் பொருள்கள் அல்ல. பெரிய டிஷ் ஆபரேட்டரின் மாடியில் இருக்கும், அங்கிருந்து ஒயர் நம் வீட்டுக்கு வரும். வீட்டுக்கு வீடு தனி டிஷ் என்ற டிடிஎச் முறையை அரசு 1997இல் தடை செய்து, 2000 நவம்பரில்தான் அனுமதித்தது. ஆக, தொண்ணூறுகளில் தேர்வு என்று ஒன்று இருந்ததென்றால், கேபிள் வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும்தான்.

எங்கள் வீட்டில் அந்த முடிவை 1996இல் எடுத்தவள் அம்மா. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அறுபதுகளில் உருவான எஸ்டேட்டின் சிறு பட்டறைகளை நம்பி ஓ.டி., கிருஷ்ணாபுரம், மேனாம்பேடு என்று சுற்றிலும் வாடகை வீடுகள் பெருகிய காலம் அது. பெண்கள் பலர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் தைக்கப் போனார்கள். அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள், புடவைக்கு ஃபால்ஸ் அடித்தாள். "படிக்கிற பொண்ணு இருக்கிற வீட்ல கேபிள் எதுக்கு" என்றார் அப்பா. "தைக்கிறவளுக்குப் பேச்சுத்துணை வேணும்" என்றாள் அம்மா. மாதம் 75 ரூபாய். கடுகு டப்பாவில் இருந்த தையல் காசிலிருந்து அதை அவளே கொடுத்தாள்.

கலெக்‌ஷனுக்கு வரும் தம்பியின் நோட்டில் எங்கள் வீட்டுக்கு அப்பா பெயர் இல்லை. "டெய்லரம்மா வீடு" என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில் "பூக்காரம்மா". அதற்கடுத்து "நர்ஸ் அக்கா". ஒன்றாம் தேதி அவன் வந்தால், "பத்தாம் தேதி வா தம்பி" என்று அம்மா சொல்லலாம். தீபாவளி நெருக்கத்தில் வரும் தையல் கூலியை வைத்து இரண்டு மாதப் பாக்கியைச் சேர்த்துக் கட்டலாம். ஒழுங்கான வருமானம் இல்லாத பெண்ணுக்கு இது ஒரு கடன் வசதி. எந்தக் கம்பெனியும் அவளுக்கு அதைக் கொடுத்திருக்காது.

இதை அழகாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. தெருவுக்கு ஒரே கேபிள்காரர்தான். பிடிக்கவில்லை என்றால் வேறு ஆளிடம் போக முடியாது. வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து வந்து வாசலில் நின்று பேசிக்கொண்டே இருந்த கலெக்‌ஷன் பையன்களும் உண்டு. 'டெய்லரம்மா' என்பதும் அம்மாவின் பெயர் இல்லை. அந்த நாட்களில் சென்னையின் பெரிய கேபிள் விநியோக நிறுவனத்தின் பெயர் 'சுமங்கலி கேபிள் விஷன்'. தொழிலுக்கு மங்கலமான பெயர் வைப்பது நம் வழக்கம்தான். ஆனாலும் எந்தப் பெண்ணின் வீடு முழுமையான வீடாக எண்ணப்பட்டது என்பதை அந்த ஒரு சொல் நமக்குச் சொல்லிவிடுகிறது.

அந்த ஒயர் வழியாக என்ன வந்தது? 1999 முதல் 2001 வரை 'சித்தி', 2003 முதல் 2009 வரை 'கோலங்கள்'. இந்தத் தொடர்களின் பிற்போக்கை நான் வகுப்பில் பலமுறை விமர்சித்திருக்கிறேன். ஆனால் ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு என்னைச் சற்று நிதானிக்க வைத்தது. 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களின் கிராமங்களில் அவர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பெண்களிடம் கேட்டார்கள்: கணவன் மனைவியை அடிப்பது சரியா? ஆண் குழந்தைதான் வேண்டுமா? சந்தைக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமா? கேபிள் வந்த கிராமங்களில் அடியை நியாயப்படுத்துவதும் ஆண் பிள்ளை விருப்பமும் குறைந்தன. பெண்கள் சொந்தமாக முடிவெடுப்பது கூடியது. தொடர் நல்லதா கெட்டதா என்று நாம் விவாதித்துக்கொண்டிருந்தபோது, வேறொரு வீட்டில் வேறு மாதிரியும் வாழ முடியும் என்பதைப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆய்வு கேபிள் வந்த ஊர்களையும் வராத ஊர்களையும் ஒப்பிட்டது. வீட்டுக்குள் அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற கேள்வி என்னுடையது.

2003 செப்டம்பர் 1 அன்று சிஏஎஸ் என்ற முறை சென்னையில் நடைமுறைக்கு வந்தது. இலவச சேனல்களுக்கு 72 ரூபாயும் வரியும். கட்டண சேனல் வேண்டும் என்றால் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். எல்லோரும் அதைக் 'கேஸ்' என்றே சொன்னார்கள். "சிலிண்டர் விலை ஏறுதா?" என்று அம்மா பதறியது நினைவிருக்கிறது. எங்கள் தெருவில் யாரும் பெட்டி வாங்கவில்லை. தனியார் டிடிஎச் அதே ஆண்டு நாட்டுக்குள் வந்தது. 2004 டிசம்பரில் மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷன் டிடிஎச் வந்தது. 2006 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு குடும்ப அட்டைக்கு ஒன்று என 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியைக் கொடுத்தது. மொத்தம் ஒன்றரைக் கோடிக்கும் மேல். பெட்டி இலவசம், இணைப்பு இலவசம் இல்லை. மாதாமாதம் அந்தச் செலவை எங்கிருந்து எடுப்பது என்ற கணக்கு அரிசி, பால், எண்ணெய்க் கணக்குகளோடு சேர்ந்து பெண்களிடம் வந்தது.

2008இல் மின்வெட்டு அதிகமானது. நம் வீட்டில் கரண்ட் இருந்தாலும், கேபிள் வரும் வழியில் பக்கத்துத் தெருவில் போய்விட்டால் அங்குள்ள ஆம்ப்ளிஃபயர் நின்று படம் போய்விடும். அப்பாவுக்கு அது எரிச்சல். டிடிஎச் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்து மொட்டை மாடியில் டிஷ் பொருத்தினார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது; நானும்தான் மகிழ்ந்தேன். விண்ணப்பத்தில் அப்பா பெயர், அப்பாவின் செல் எண், அப்பாவின் கையெழுத்து. வீட்டு ஓனரிடம் அனுமதி கேட்டதும் அப்பாதான்.

அன்று என்ன கைமாறியது என்பதை நான் கவனிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கடுகு டப்பாவிலிருந்து போன பணம் அப்பாவின் போனுக்குப் போய்விட்டது. எந்த பேக் என்பதை அவர் முடிவு செய்தார். கிரிக்கெட் இருக்கும் மாதம் ரீசார்ஜ் முன்கூட்டியே நடக்கும். இல்லாத மாதம் இரண்டு நாள் தாமதமாகும். கம்பெனிக்குப் "பத்தாம் தேதி வா தம்பி" என்று சொல்ல முடியாது. பணம் தீர்ந்தால் அந்த நிமிடமே திரை நின்றுவிடும். அம்மா அப்பாவிடம் கேட்க வேண்டும். அப்பா கொடுமைக்காரர் இல்லை, கேட்டால் போட்டுவிடுவார். ஆனால் கேட்க வேண்டும்.

2011 செப்டம்பர் 2 அன்று அரசு கேபிள், சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில் 70 ரூபாய்க்குத் தொடங்கியது. பூந்தமல்லியிலிருந்து சித்தி போன் செய்தாள்: "எழுவது ரூபாதாங்க்கா! நீங்க ஏன் அவ்ளோ கொட்டிக் குடுக்கிறீங்க?" பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூரோ அடுத்த மாதமே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. சென்னைக்குள் அரசு கேபிள் வர இன்னும் ஓர் ஆண்டு ஆனது. "நாம மாத்திக்கலாமா?" என்று அம்மா அப்போது கேட்டாள். "இருக்கிறது நல்லாத்தானே இருக்கு" என்றார் அப்பா. பேச்சு அத்தோடு முடிந்தது.

2019 பிப்ரவரியில் டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. நூறு சேனல்கள் வரை அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டண சேனல்களுக்குத் தனி விலை. வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுக்கும் உரிமை சந்தாதாரருக்கு என்றார்கள். சந்தாதாரர் யார்? எந்த எண் பதிவாகியிருக்கிறதோ அந்த எண்ணை வைத்திருப்பவர். அந்த வாரம் அப்பா போனில் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா அடுப்படியிலிருந்து சேனல் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன இரண்டு விட்டுப்போயின.

அப்பா போன பிறகு என் மாணவிகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் கேஸ், மின்சாரம், டிவி, இணையம் ஆகியவை யார் பெயரில், யார் எண்ணில் இருக்கின்றன என்று பார்த்து வாருங்கள் என்றேன். ஆவடியிலிருந்து வரும் ஒரு மாணவி எழுதினாள்: "கேஸ் அம்மா பேரில் உள்ளது மேடம், ஓடிபி அண்ணன் போனுக்கு வருகிறது." அந்த ஒரு வரியை நான் வகுப்பில் சத்தமாக வாசித்தேன். கொஞ்ச நேரம் எல்லோரும் சிரித்தார்கள்.

பழைய கேபிள்காரத் தம்பி அன்று மாலையே வந்தான். அவனுக்கும் நரைத்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றான். இப்போது அவனிடம் நோட்டு இல்லை. பெட்டி கொடுக்க ஆதார் நகல் வேண்டும், படிவம் வேண்டும். "யார் பேர்ல போடட்டும்க்கா? பெங்களூர்ல இருக்கிற தம்பி பேர்லயே போட்டுடலாமா?" என்று என்னைக் கேட்டான்.

"ஏம்ப்பா, எனக்குப் பேரு இல்லையா?" என்றாள் அம்மா.

மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தமிழில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். எண்ணும் அவளுடையது. முதல் மாத ரசீது கடுகு டப்பாவுக்குள் போனது. அந்தப் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டேன். "ரசீதுல இருந்தாப் போதும், புஸ்தகத்துல எல்லாம் வேணாம்" என்றுவிட்டாள்.

கேபிள் நல்லது, டிஷ் கெட்டது என்பது இதன் முடிவு அல்ல. இன்றைக்கு டிடிஎச்சையும் அம்மா பெயரிலேயே வாங்க முடியும். கேபிள் படிவத்தையும் மகன் பெயரில் நிரப்பிவிட முடியும், ஏறக்குறைய நிரப்பியும்விட்டோம். எதை வாங்கினாலும் படிவத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள்.

அடுத்த தெருவில் கரண்ட் போனால் படம் இன்னும் நின்றுதான் போகிறது. அம்மா அவள் போனிலிருந்து அவளே கூப்பிட்டுக் கேட்கிறாள்.